புதன்கிழமை யானை

பகல் முழுக்கக் குளிர்ச்சட்டையோடு மல்லுக்கட்டுகிற வேலை எனக்கு. திருப்பூரில் பதினோரு வருடம் பனியன் பார்த்த கண், யாங்கோன், அதாவது பர்மாவின் பழைய ரங்கூன், வந்த நாளிலிருந்து பஞ்சு அடைத்த ஜாக்கெட் பார்க்கிறது. ஜிப் நேராக இறங்குகிறதா, தொப்பியில் தையல் இழுக்கிறதா, பஞ்சு ஒரு பக்கமாகக் குமிந்துபோகிறதா, இதே வேலை. துணியும் ஜிப்பும் பட்டனும் வெளிநாட்டிலிருந்து வரும், இங்கே வெட்டித் தைத்து மடித்துப் பெட்டியில் போட்டு ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றிவிடுவார்கள். ஆகவே குளிர் என்றால் எனக்கு அட்டைப்பெட்டியில் போய்ச் சேருகிற சமாச்சாரம், அவ்வளவுதான். அது யாங்கோனுக்கும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து நான் கொண்டுவந்தது ஆறு அரைக்கைச் சட்டை.

2019 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு இரண்டு நாள். வந்து மூன்று வாரம் ஆகியும் ஊர் ஓரத்து லைங் தாயாவில் தொழிற்சாலை, விடுதி, எதிரே ஒரு சோற்றுக்கடை இதைத் தாண்டி நான் எதையும் பார்த்திருக்கவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கிற அண்ணன்தான், "ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி, ரங்கூனைக் காட்டுறேன்" என்றார். அவருக்கு இரண்டு பேர். வீட்டில் முருகன் பேர் ஒன்று, அடையாள அட்டையில் பர்மியப் பேர் ஒன்று. வேலையிடத்தில் எல்லோரும் இரண்டாவதைச் சொல்லியே கூப்பிடுவதால் முதல் வாரம் முழுக்க அவர் தமிழர் என்றே எனக்குத் தெரியாது. ஒருநாள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கூட்டல் போட்டுக்கொண்டே "ஏழும் எட்டும் பதினஞ்சு" என்று முணுமுணுத்தார். நான் நாற்காலியோடு திரும்பிவிட்டேன். எந்த மொழியில் பேசினாலும் சரி, கணக்கு மட்டும் அம்மா சொல்லிக்கொடுத்த பாஷையில்தான் வரும்போல.

விடிகாலை ஆறு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கைலி, அதற்கு மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேலே ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லா. பக்கத்தில் நின்ற பெண்களும் குளிர்ச்சட்டையில்தான், கன்னத்தில் தனாகா மரப்பட்டை அரைத்துப் பூசியிருந்தார்கள். போனில் பார்த்தால் 17 டிகிரி. கோவையில் மார்கழி மாதம் இதைவிடச் சில்லென்று இருக்கும் என்று வீறாப்பாகச் சொன்னேன். பஸ் ஜன்னல் எதுவும் சரியாக மூடாது என்பது லைங் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் தெரிந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இந்த ஊர்ச் சாலை பழக எனக்கு நாளாயிற்று. 1970 வரை நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டியவர்கள், ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் ஓடுகிற கார்களில் முக்கால்வாசி ஜப்பானிலிருந்து வந்த பழைய கார், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைவிட ஆச்சரியம், மோட்டார் பைக்கே இல்லை. நகருக்குள் பைக் ஓட்டக் கூடாதென்று 2003லேயே தடை. நொய்யல் பாலத்தில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே பிதுங்கி வளர்ந்தவனுக்கு இவ்வளவு பெரிய நகரம் பைக் சத்தம் இல்லாமல் இருப்பது காதடைத்த மாதிரி இருந்தது.

முதலில் டீக்கடை. முழங்கால் உயரத்துக்கு மேசை, அதைவிடக் குட்டையாக பிளாஸ்டிக் முக்காலி. கேட்காமலே சமோசாவும் எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டமும் தட்டில் வந்து உட்காரும், தின்றதற்கு மட்டும் காசு. மேசைமேல் பிளாஸ்கில் வெறும் பச்சைத் தேயிலைத் தண்ணி, அது எவ்வளவு குடித்தாலும் இலவசம். பரிமாறுகிற பையனைக் கூப்பிட அண்ணன் உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். நம்மூரில் இப்படிக் கூப்பிட்டால் அடி விழும். ஓடிவந்த பையனுக்குப் பன்னிரண்டு வயசுகூட இருக்காது. அது உறுத்தியது, ஆனாலும் டீயைக் குடித்தேன். மொய்ங்கா வந்தது. மீன் கரைந்த குழம்பில் அரிசி நூடுல்ஸ், உள்ளே வட்டவட்டமாக வாழைத்தண்டு. சென்னை பர்மா பஜார் பக்கத்தில் அத்தோவோடு விற்கிற அதே மொய்ங்கா, இங்கேயிருந்து போனவர்கள் கொண்டுபோனது. இங்கே கொஞ்சம் கெட்டி, எலுமிச்சை தூக்கல்.

சாப்பிட்டு முடித்ததும் நான் போனை எடுத்து லிஸ்ட்டைக் காட்டினேன். ஊர் நண்பர்கள் சேர்ந்து போட்டுக் கொடுத்தது. காளி கோயில், பெருமாள் கோயில், செட்டியார்கள் லேவாதேவி நடத்திய மொகல் தெரு, பகதூர் ஷா கல்லறை என்று ஒன்பது இடம். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஊர்லேருந்து வர்ற எல்லாரும் இதே லிஸ்ட்தான் கொண்டாறாங்க தம்பி. நான் ஒரு லிஸ்ட் வச்சிருக்கேன். பாதி உங்களது, பாதி என்னுது. சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

சூலே பகோடாவை நடந்தே சுற்றினோம். எட்டுப் பட்டையாகத் தங்கக் கோபுரம், அதன் காலடியைச் சுற்றி ஜோசியக்காரர், கைக்கடிகார ரிப்பேர், போட்டோ கடை. கோபுரத்தைச் சுற்றி வண்டி ஓடுகிறது, அதாவது கோயில்தான் ரவுண்டானா. 1852ல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியச் சண்டையில் ஊரைப் பிடித்த வெள்ளைக்காரர்கள் பிரேசர், மான்ட்கோமரி என்ற இரண்டு பேரை வைத்து இந்தக் கோபுரத்தை நடுவில் நிறுத்திக் கட்டம்கட்டமாகத் தெருப் போட்டார்கள். பிரேசர் தன் பேரில் ஒரு தெருவே பெற்றார். இப்போது அது அனோரத்தா சாலை. டல்ஹௌசி தெரு மகாபந்தூலா ஆகிவிட்டது, மொகல் தெரு ஷ்வே போந்தா. எண் போட்ட தெருக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இருபத்தாறாம் தெரு அன்றும் இருபத்தாறுதான். அந்தத் தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு யூதக் கோயில் ஒன்று இருக்கிறது, தொழுகிற யூதர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பகோடாவைச் சுற்றிய கொஞ்ச தூரத்துக்குள் மசூதி, தேவாலயம், எல்லாம். மகாபந்தூலா பூங்காவில், முன்பு விக்டோரியா ராணி சிலை நின்ற இடத்தில், விடுதலைத் தூண் நிற்கிறது. ஒரு பொடியன் அதன் நிழலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நினைவுத் தூண்களின் மேல் எனக்கு ஒருபோதும் ஈர்ப்பு வந்ததில்லை.

அனோரத்தா சாலைக் காளி கோயில் 1871ல் தமிழர்கள் கட்டியது. கோபுரத்துக்குப் புதுசாக வண்ணம் அடித்த மாதிரி பளபளப்பு, வாசலில் புறா, கற்பூர வாடை. மூன்று வாரம் கழித்துக் கற்பூரம் முகர்ந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது, அதை மறைக்கப் பூக்கார அம்மாவிடம் தமிழில் சளசளவென்று பேச ஆரம்பித்தேன். என்ன ஊர், எத்தனை தலைமுறை, வீட்டில் தமிழ் பேசுவீர்களா. அந்த அம்மா சிரித்தபடி இரண்டு வார்த்தை தமிழில் சொன்னார், அப்புறம் அண்ணனைப் பார்த்து பர்மியத்தில் தொடர்ந்தார். என் முகம் சுருங்கியிருக்கும்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "உங்களுக்கு வருத்தம். அவங்களுக்கு வெட்கம். உங்க தமிழ் வேகமா ஓடுதா, பதில் சொன்னா தப்பாயிடுமோன்னு பயம். அறுபதுகள்ல பள்ளிக்கூடத்தையெல்லாம் கவர்மென்ட் எடுத்துக்கிச்சு, தமிழ்ப் பள்ளிக்கூடமும் அதோட போச்சு. அதுக்கப்புறம் கோயில்லதான் கத்துக்கணும், லீவு நாள்ல. நானே அப்படித்தான் அ, ஆ படிச்சேன். நீங்க வந்து பரீட்சை வச்சா?"

பரீட்சை வைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்று தோன்றியதும் நிறுத்திவிட்டேன்.

மொகல் தெரு என் லிஸ்ட்டில் மூன்றாவது. மரச் சன்னல், இரும்புக் கம்பி வேலைப்பாடு, மேல்மாடியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கவிட்டு நுனியில் கிளிப் மாட்டியிருக்கிறார்கள். பேப்பர்காரன் கீழிருந்து செய்தித்தாளை மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். நான் செட்டியார் வட்டிக்கடை எது, எந்த வீட்டில் பர்மா தேக்கு என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது என்று எங்கேயோ படித்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். நிலம் வாங்கினதில்லை அது, விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாமல் போனவர்களுடைய நிலம்.

அண்ணன் நடையை நிறுத்தவில்லை. "தம்பி, ஊர்லேருந்து வர்றவங்க எல்லாரும் செட்டியார் கட்டடத்தைப் பார்க்கிறாங்க. எங்க தாத்தா கட்டடம் கட்டினவரில்லை. கடன் வாங்கினவர். தான்லின் பக்கத்துல கூலிக்கு நெல்லு அறுத்தவர். அவருக்குக் கட்டடம் கிடையாது. எதைக் காட்ட?"

தான்லின் என்றால் பழைய சிரியம், ஆற்றுக்கு அந்தப் பக்கம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அதில் மூட்டை தூக்கியவர், ரிக்‌ஷா இழுத்தவர், சாக்கடை அள்ளியவர் எத்தனையோ பேர். எனக்குத் தெரியாத விஷயமில்லை. லிஸ்ட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அவராகவே சொன்னார். 1962ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அடுத்த இரண்டு வருடத்தில் கடை கண்ணி எல்லாம் அரசுடைமை, 64 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கில் இந்தியர்கள் கிளம்பினார்கள், அழைத்துப்போக இந்தியாவிலிருந்து கப்பல் வந்தது. தாத்தாவின் தம்பி கப்பல் ஏறிவிட்டார். தாத்தாவுக்கும் சீட்டு கிடைத்திருக்கும். அப்போது அவர் குத்தகைக்கு எடுத்திருந்த கொஞ்சம் வயலில் நெல் நின்றதாம்.

"அறுவடை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னாராம்." அண்ணன் டீக்கடைப் பையனைக் கூப்பிட்ட அதே உதட்டைக் குவித்துச் சிரித்தார். "இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கோம்."

மார்க்கெட்டைப் பற்றி நிறைய எழுத ஆசை, தொழில் அப்படி. 1926ல் கட்டிய ஸ்காட் மார்க்கெட், இப்போது போஜோ ஆங் சான் சந்தை. ஜேட் என்கிற பச்சைக்கல்லையும் மாணிக்கத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள், நான் கைலிக் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். ஆண்களுடையது பாசோ, கட்டம் போட்டது, மூட்டியது, முன்னால் முடிச்சு. பெண்களுடையது தமெய்ன், இடுப்பில் ஒரு கறுப்புத் துணிப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள், சுற்றிப் பக்கவாட்டில் செருக வேண்டும். ஓரத்தைத் திருப்பி இழையை எண்ணிப் பார்த்தேன். மூட்டிய இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேருகிறது, மயிரிழை பிசகவில்லை. எங்கள் ஆட்கள் டிசர்ட்டின் பக்கத் தையலில் கோடு சேர்க்கப் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் கல்யாணத்துக்கும் அலுவலகத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் கைலிதான். நம்மூரில் கைலியோடு வங்கிக்குப் போனாலே காவலாளி ஒரு மாதிரி பார்ப்பார். ஒன்று வாங்கி அங்கேயே பேன்ட்டுக்கு மேல் கட்டினேன். அண்ணன் முடிச்சைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அவிழ்த்துக் கட்டிவிட்டார். கடைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "யாபாதெ" என்றார் அண்ணன், பரவாயில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வார்த்தையை அவர் நாற்பது தடவை சொல்லியிருப்பார்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெயில் 32 டிகிரியைத் தொட்டுவிட்டது. காலையில் ஸ்வெட்டர் போட்ட ஊர் இப்போது குடை பிடிக்கிறது. அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, "இப்போ என் லிஸ்ட்" என்றார்.

அவர் லிஸ்ட்டில் முதலாவது காக்கா.

பான்சோடான் படித்துறையிலிருந்து எதிர்க்கரை தலாவுக்குப் படகு போகிறது. ஜப்பான் நன்கொடையாகக் கொடுத்தவை, படகின் பேரே செர்ரி. ஜப்பான்காரருக்கு அப்போது டிக்கெட் கிடையாது, மற்ற வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு இருந்தது. நான் டிக்கெட் வாங்கி முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். பத்து நிமிடப் பயணம். ஆற்று நடுவுக்கு வந்ததும் ஒரு வெள்ளைக் கூட்டம் படகைச் சூழ்ந்துகொண்டது. நூற்றுக்கணக்கில் கடற்காகம். படகில் விற்கிற பொரிப் பொட்டலத்தை வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள், அவை கம்பிக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்று கொத்திக்கொண்டு போகின்றன. கிழவிகள், சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள், ஒரு பிக்கு, எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு. கைக்குழந்தை ஒன்று அலறியது.

"மழைக்காலத்துல ஒண்ணுகூட இருக்காது தம்பி. நவம்பர்ல வரும், வெயில் ஏறினா போயிடும். சின்ன வயசுல எங்கப்பா தான்லின்லேருந்து இதுக்குன்னே கூட்டிட்டு வருவார். ரங்கூன்னா எனக்கு இதுதான்."

பழுப்புத்தலைக் கடற்காகம். மத்திய ஆசியாவில் மலைமேல் இருக்கிற ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கும். குளிர்காலத்தில் தலையின் பழுப்பு போய்க் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். கோடியக்கரையில் பார்த்திருக்கிறேன், இதே மாதம், இதே கூட்டம். அதைச் சொன்னேன்.

"அங்கேயும் வருதா?" அண்ணன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார், கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரிகூட இருந்தது. அப்புறம் மிச்சமிருந்த பொரியை என் கையில் கொட்டினார்.

இறங்கவில்லை, அதே படகில் திரும்பிவிட்டோம். பகதூர் ஷா கல்லறைக்கு நான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன். 1862 நவம்பரில் இறந்த கடைசி முகலாய மன்னரை அடையாளமே தெரியாமல் புதைத்துவிட்டார்கள், 1991ல் வடிகால் வெட்டும்போதுதான் உண்மையான கல்லறை அகப்பட்டது. பச்சைத் துணி, ரோஜா இதழ், ஊதுபத்தி. அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருந்தார்.

வெயில் சாயும் நேரம் ஷ்வேதகோன் பகோடா. தெற்கு வாசல் சிங்கங்களுக்கு நடுவே செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கழற்ற வேண்டும். வெளிநாட்டவருக்கு அப்போது பத்தாயிரம் கியாட். எங்கள் தொழிற்சாலைப் பெண்ணின் குறைந்தபட்ச நாள் கூலி அன்றைக்கு 4,800. கணக்குப் போட்டுவிட்டு, போட்டதை அண்ணனிடம் சொல்லவில்லை, அவர் கணக்குப் பிரிவு, எனக்கு முன்னாலேயே போட்டிருப்பார். 99 மீட்டர் உயரத் தங்கத்தை வர்ணிக்க நான் முயலப்போவதில்லை, அதற்குப் படம் போதும். படத்தில் வராதது காலடி: பகலில் கொதித்த பளிங்கு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஜில்லென்று ஆகிவிட்டிருந்தது, வெறுங்காலில் நடக்க நடக்க உள்ளங்கால் வழியாகக் குளிர் ஏறியது.

"என்ன கிழமை பிறந்தீங்க?" என்றார் அண்ணன்.

நட்சத்திரம் கேட்டால் சொல்வேன், ராசி, லக்னம், பாதம்வரை சொல்வேன். கிழமை தெரியாது. இங்கே அதுதான் முதல் கேள்வி. கோபுரத்தைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு மூலை, கிழமைக்கொரு வாகனம்: திங்களுக்குப் புலி, சனிக்கு நாகம், ஞாயிறுக்குக் கருடன். அவரவர் மூலையில் இருக்கிற புத்தருக்கு வயசுக்கு ஒரு குவளை, கூட ஒரு குவளை என்று தண்ணீர் ஊற்ற வேண்டும். போன் காலண்டரில் பின்னால் போய்ப் பார்த்தால் புதன்.

"அய்யோ, புதனா. காலையா, மத்தியானமா?"

புதனுக்கு மட்டும் இரண்டாம். பன்னிரண்டு மணிக்கு முன்னால் என்றால் கொம்புள்ள யானை, தெற்கு மூலை. அதற்குப் பின்னால் என்றால் கொம்பில்லாத யானை, வடமேற்கு. எட்டுத் திசைக்கு ஏழு கிழமை பத்தாது, அதனால் இந்த ஏற்பாடு. ஊருக்குப் போன் போட்டேன். அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"சோத்து நேரம்டா. உங்கப்பா சாப்பிட உக்காந்தார், எனக்கு வலி கண்டுச்சு."

"சாப்பிட உக்காந்தப்ப மணி என்னம்மா?"

"அதையெல்லாம் யாரு பார்த்தா? உங்க பெரியம்மாவைக் கேக்கறேன், அப்புறம் கூப்பிடறேன்."

அண்ணனுக்கு இது பெரிய பிரச்சினையாகப் படவில்லை. "ரெண்டுக்கும் ஊத்திடுங்க. யாபாதெ." தெற்கில் கொம்பன் முன்னால் முப்பத்துநாலு குவளை எண்ணி ஊற்றினேன். ஈரக் கையோடு சனி மூலை, வியாழன் மூலை தாண்டி வடமேற்குக்குப் போய் இன்னொரு முப்பத்துநாலு. பக்கத்து மண்டபத்தில் 1779ல் வார்த்த பெரிய மணி. 1825ல் வெள்ளைக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்து ஆற்றில் போட்டுவிட்டார்கள், பர்மியர்கள்தான் மீட்டு மேலே கொண்டுவந்தார்கள். அண்ணன் மூன்று தரம் அடித்தார். நான் தோள் வலியில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். அவர் தன் மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பர்மியத்திலோ தமிழிலோ ஏதோ முணுமுணுத்தார். எந்த மொழி என்று காது கொடுக்கப் போனவன், வேண்டாம் என்று கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

இருட்டிய பிறகு உச்சியிலிருக்கிற வைரத்தைப் பார்க்கத் தரையில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த இடங்கள் உண்டு. அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஒரு இடத்தில் சிவப்பு, அரை அடி நகர்ந்தால் பச்சை, இன்னும் கொஞ்சம் தள்ளினால் நீலம். அரை அடி முன்னும் பின்னுமாக நான் ஆடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பன்னெண்டரையாம்டா. பெரியம்மா சொல்றா, பன்னெண்டு அடிச்ச சங்கு கேட்டு ரொம்ப நேரம் கழிச்சுதான் பொறந்தியாம். எதுக்குக் கேட்ட?"

"அப்படின்னா கொம்பில்லாத யானைம்மா. அது ராகுவோட மூலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ராகு தசை நடக்குதுன்னுதானே கடல் தாண்டிப் போகச் சொன்னாரு ஜோசியர்," என்றார் அம்மா. "அங்கேயும் அவன்தானா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "யாபாதெ, அம்மா" என்றார்.